ஓ.பி.யில் மாணவரை எங்கே நிறுத்துவது?

கேள்விக்குறி · ஜூன் 3, இரவு 9.40

நேரடியாகக் கணக்குக்கு வருகிறேன். காலை ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம். சீட்டு 50. ஆளுக்கு 4.8 நிமிடம். என் நாற்காலிக்குப் பின்னால் நான்கு மருத்துவ மாணவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இதில் எங்கிருந்து பாடம் நடத்துவது? வார்டில் நடத்தலாம், படுத்திருப்பவர் எங்கும் எழுந்து போய்விட மாட்டார். ஓ.பி.யில் மாணவர் பார்த்துப் பழகினால் போதும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எண்ணோடு மறுக்கவும். 'மனமிருந்தால் மார்க்கமுண்டு' வகையறா வேண்டாம்.

சுத்தியல் · ஜூன் 3, இரவு 11.05

எண்தானே, இந்தாருங்கள். 1961இல் கெர் ஒயிட் என்ற மருத்துவரின் குழு போட்ட கணக்கு: பெரியவர்கள் ஆயிரம் பேரில், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உபாதை வருகிறது. டாக்டரிடம் போகிறவர் 250. ஆஸ்பத்திரியில் படுப்பவர் 9. பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர். 2001இல் லாரி கிரீன் குழு இதே கணக்கைப் புதுப்பித்தபோதும் ஆஸ்பத்திரியில் படுப்பவர் 8 பேர்தான். வார்டில் மட்டும் பழகிய மாணவர் அந்த ஒன்பது பேருக்கான வைத்தியத்தைக் கற்கிறார். பிழைக்கப் போவதோ மீதி 241 பேரோடு.

இன்னொன்று. 1975இல் ஹாம்ப்டன் குழு ஓ.பி.க்குப் புதிதாக வந்த 80 பேரைப் பார்த்தது. 66 பேருக்கு, அனுப்பிய டாக்டரின் கடிதமும் ஹிஸ்டரியுமே (நோயாளியிடம் கேட்டறிந்த விவரம்) கடைசிவரை நின்ற டயக்னோசிஸை, அதாவது என்ன நோய் என்ற முடிவைத் தந்துவிட்டன. உடல் பரிசோதனை முடிவை மாற்றியது 7 பேரில், லேப் மாற்றியது 7 பேரில். ஆகவே ஓ.பி.யில் கற்க வேண்டிய முதல் வித்தை நோயாளியைப் பேச வைப்பது. சுவரோரம் நின்று அதைக் கற்க முடியாது.

உங்கள் 4.8 சரி. தப்பு எங்கே என்றால், ஐம்பதையும் பாடமாக்க வேண்டும் என்று நினைப்பதில். மூன்று போதும். மீதி 47ஐ வழக்கம்போல் பாருங்கள்.

கேள்விக்குறி · ஜூன் 4, காலை 6.15

மூன்று என்றாலும் மாணவர் ஒரு ஹிஸ்டரி எடுக்கக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை வரிசை நிற்குமா? அதோடு அறை ஒன்று, மேசை ஒன்று.

சுத்தியல் · ஜூன் 4, மதியம் 2.20

மாணவருக்குக் கொடுக்கும் நோயாளியை வரிசையின் முன்னாலிருந்து எடுத்தால் நிற்கும். பின்னாலிருந்து எடுங்கள். நீங்கள் 10ஆம் டோக்கன் பார்க்கும்போது 14ஆம் டோக்கனை மாணவரிடம் அனுப்புங்கள். இடையில் உள்ள மூன்று பேருக்கும் சேர்த்துச் சுமார் கால் மணி. எப்படியும் அவர் பெஞ்சில் காத்திருக்கப் போகிற நேரம்தான் அது. அவர் முறை வரும்போது ஹிஸ்டரி தயார். அவருக்கு ஒரு நிமிடம்கூட நஷ்டமில்லை. முறை தவறவில்லை என்பதால் வரிசையிலும் சண்டை வராது.

அனுப்புமுன் மாணவரிடம் ஒரு நிமிடம் பேசவேண்டும். இதை விட்டுவிட்டு அப்புறம் 'ஹிஸ்டரி சரியில்லை' என்று கத்துவதுதான் வழக்கம். சொல்ல வேண்டியவை: யார் வந்திருக்கிறார் ('55 வயது, சுகர், மருந்து எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார்'), எதில் கண் வைக்க வேண்டும் ('மாத்திரையை உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறார், காலில் உணர்ச்சி இருக்கிறதா'), எத்தனை நிமிடம் ('12, முடிந்ததும் பாதியில் விட்டுவிட்டு வரலாம்'), வந்து என்ன தர வேண்டும் ('இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள், இன்று என்ன செய்யலாம் என்று உங்கள் முடிவோடு').

இடம்: அறையின் மூலையில் இரண்டு நாற்காலி, முடிந்தால் நடுவே திரை. வராந்தா வேண்டாம். அங்கே யாரும் மலச்சிக்கலைப் பற்றிக்கூட உண்மை பேச மாட்டார்கள்.

எந்த நோயாளி? முதல் சில வாரம், ஒரே குறையோடு வருபவர், திரும்ப வருபவர். ஐந்து பக்க ரிப்போர்ட்டோடு வருபவரை மாணவரிடம் தள்ளிவிட நமக்கு ஆசையாக இருக்கும். தள்ளாதீர்கள்.

பின்வரிசை · ஜூன் 4, இரவு 8.30

இன்டர்ன் பக்கத்திலிருந்து ஒரு குரல் சார். ஹிஸ்டரி எடுத்துவிட்டு வந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே யூனிட் சீஃப் 'ஓ, இது இன்னது' என்று சொல்லிவிடுவார். அதோடு யோசிக்கும் வேலை முடிந்தது. அப்புறம் எதற்கு 12 நிமிடம்?

சுத்தியல் · ஜூன் 4, இரவு 10.45

வாயில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். இதற்கென்றே 1992இல் ஜான் நெஹர் குழு ஒரு முறை எழுதியது. 'ஒரு நிமிட ஆசான்' என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அடி:

மாணவர் சொல்லி முடித்து உங்கள் முகத்தைப் பார்க்கும்போது பதில் சொல்லாமல், 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்பது முதல் அடி. அடுத்து 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' மூன்றாவது, எங்கும் எடுத்துப்போகக்கூடிய ஒரே ஒரு விதி. நான்காவது, சரியாகச் செய்ததைப் பெயர் சொல்லிக் குறிப்பது. ஐந்தாவது, தப்பைத் திருத்துவது.

தடுக்கும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை மூன்று. முதல் கேள்வி கேட்டதும் வரும் மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே பதில் சொல்வது. மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பதில் வரும். இரண்டாவது, விதி சொல்லச் சொன்னால் தொண்டைவலி பற்றி முழு லெக்சர். அன்று ஒன்றுதான்: 'இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்திருந்தால் வைரஸ் பக்கம் சாய்' என்ற அளவில். மூன்றாவது, பாராட்டு என்ற பெயரில் 'குட்'. எதற்கு குட்? 'இரத்த வாந்தி என்றதும் வலி மாத்திரை போட்டாரா என்று கேட்டீர்கள், அது சரி' என்றால் அடுத்த முறையும் கேட்பார்.

கேள்விக்குறி · ஜூன் 5, காலை 6.05

ஒரு நிமிடமாம்! ஒரு நிமிடத்தில் மாணவர் தொண்டையைக் கனைத்து முடிப்பார்.

சுத்தியல் · ஜூன் 5, காலை 7.30

பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிமிடம் என்பது நாம் கற்பிக்கும் பங்கு மட்டும். மொத்தமாக: மாணவர் சொல்ல 2, கேள்வி பதில் 1, நோயாளியோடு சேர்ந்து சரிபார்க்க 3, பின்னூட்டம் 1. ஏழு. உங்கள் 4.8ஐக் கழித்தால் கூடுதல் சுமார் இரண்டேகால் நிமிடம். மூன்று நோயாளிக்கு ஏழு நிமிடம். 240இல் ஏழு.

சுத்தியல் · ஜூன் 5, இரவு 9.50

நான் எழுதியதில் ஒரு திருத்தம். முதல் அடி எல்லோருக்கும் பொருந்தாது. இப்போதுதான் ஓ.பி.க்குள் நுழைந்த மாணவரிடம் 'டயக்னோசிஸ் என்ன?' என்றால் ஊகிப்பார், அல்லது உறைந்துபோவார். முடிவு கேட்கலாம், ஆனால் சின்ன முடிவாகக் கேளுங்கள். 'இவரை இன்று வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா?' 'இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்க விட்டால் எதைக் கேட்பீர்கள்?' இரண்டாவது கேள்வி நன்றாக வேலை செய்யும். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் மனதில் ஏதோ ஒரு நோய் இருந்தே ஆகவேண்டும்.

கடைசி வருட மாணவருக்கு இதுவே குறைவு. அவர்களுக்கு 2003இல் வந்த 'ஸ்னாப்ஸ்' என்ற ஆறு படி முறை பொருத்தம். அதில் வண்டியை ஓட்டுவது மாணவர். சுருக்கிச் சொல்வார், இரண்டு மூன்று நோய்க்குள் அடக்குவார், ஒன்றோடொன்று ஒப்பிடுவார், தெரியாததை ஆசிரியரிடம் அவரே கேட்பார், வைத்தியம் சொல்வார், வீட்டில் படிக்க ஒன்றை எடுத்துக்கொள்வார். நான்காவது படிதான் இதன் உயிர்: தெரியாது என்று சொல்வதற்கு மதிப்பெண். முன்கூட்டி அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்காமல் தாளைக் கையில் திணித்தால், பழைய நீள ஹிஸ்டரியே ஆறு தலைப்போடு வரும்.

ஊசிமுனை · ஜூன் 6, மாலை 5.10

டாக்டர்கள் எல்லாம் டயக்னோசிஸ் பேசுறீங்க. முதல்ல பி.பி. ஒழுங்கா பாக்கச் சொல்லிக்கொடுங்க. படியேறி வந்தவரை உடனே உக்கார வச்சு, சட்டைக் கை மேலயே கஃப்பை (காத்தடிக்கற பட்டையை) சுத்தி, பேசிக்கிட்டே பம்ப் பண்றாங்க.

அஞ்சு நிமிஷம் உக்காரணும். முதுகு சாய்ஞ்சிருக்கணும், கால் தரையில இருக்கணும், கால் மேல கால் கூடாது. கை இதயத்து உயரத்துல, மேசை மேல தாங்கலா இருக்கணும். கஃப்புக்குள்ள இருக்கற ரப்பர் பை கையைச் சுத்தி முக்கால் பங்குக்கு மேல வரணும். குண்டான கைக்குச் சின்ன கஃப் போட்டா பிரஷர் கூடுதலாத்தான் காட்டும், இல்லாத பி.பி.க்கு மாத்திரை ஆரம்பிச்சிருவாங்க. இறக்கும்போது விநாடிக்கு 2 மி.மீ. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை.

மாணவர் பொய்யா எழுதறாரான்னு பாக்க ஒரு வழி இருக்கு. பத்து சீட்டை எடுங்க. எல்லா ரீடிங்கும் பூஜ்யத்துல முடிஞ்சா அவர் கேக்கல, தோராயமா எழுதியிருக்கார். அந்த மீட்டர்ல கோடு ரெண்டு ரெண்டாத்தான் இருக்கு. 134, 138 எல்லாம் எங்க போச்சு?

கேள்விக்குறி · ஜூன் 6, மாலை 6.40

சிஸ்டர், அந்தப் பத்து சீட்டுச் சோதனையை என் பி.ஜி.க்களிடமே (மேற்படிப்பு டாக்டர்களிடமே) வைத்தால் பாதிப் பேர் மாட்டுவார்கள்.

ஊசிமுனை · ஜூன் 6, இரவு 7.00

பாதியோட நின்னா சந்தோஷம் சார். இன்ஹேலரையும் பாருங்க. 'ரெண்டு பஃப் காலை மாலை'ன்னு எழுதற மாணவரை, நோயாளி முன்னாடி வெறும் கருவியை வச்சு அவரையே செஞ்சு காட்டச் சொல்லுங்க. மூடியைக் கழட்டி, குலுக்கி, மூச்சை வெளிய விட்டு, உதட்டை இறுக்கி, உள்ளிழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, மெதுவா இழுத்து, பத்து எண்ணற வரைக்கும் பிடிச்சு. அடுத்த பஃப்புக்கு அரை நிமிஷமாவது விடணும். முக்கால்வாசிப் பேர் மூச்சை வெளிய விட மறப்பாங்க, இல்லன்னா அழுத்தினதுக்கு அப்புறம் இழுப்பாங்க. மருந்து நாக்குக்குத்தான் போகும். ஸ்டீராய்டு இன்ஹேலர்னா வாய் கொப்பளிக்கவும் சொல்லணும்.

நாலு பேரும் டாக்டர் முதுகையே பாத்துக்கிட்டு நிக்கறதுக்கு, ரெண்டு பேரை டிரெஸ்ஸிங் ரூமுக்கு அனுப்புங்க.

சுத்தியல் · ஜூன் 6, இரவு 11.15

சிஸ்டர் சொன்னது என் அடுத்த குறிப்பை மாற்றிவிட்டது. ஒரே நேரத்தில் அறைக்குள் இரண்டு மாணவருக்கு மேல் வேண்டாம். ஒருவர் மூலையில் நோயாளியோடு. மற்றவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் வேலையோடு. 'பார்த்துக்கொண்டிரு' என்பது வேலையே இல்லை. 'நோயாளி முதலில் சொன்ன குறையும் எழுந்து போகும்போது சொன்ன குறையும் ஒன்றா என்று குறித்துவை' என்பது வேலை. கதவைத் திறக்கும்போது 'அப்புறம் டாக்டர், நெஞ்சுல லேசா...' என்று ஒன்று வருமே, அதைப் பிடிக்கப் பழகுவார்.

மூன்றாமவர் டிரெஸ்ஸிங். நான்காமவர் மருந்து கொடுக்கும் கவுன்டரில். நம்மிடம் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி எல்லாம் அங்கேதான் கேட்கப்படும்: 'இந்த மஞ்சள் மாத்திரை போன தடவைதா, புதுசா?' ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நால்வரும் இடம் மாறட்டும்.

பின்வரிசை · ஜூன் 7, காலை 8.00

நோயாளி எதிரிலேயே கேஸ் சொல்லச் சொல்வது சரியா சார்? கூசுகிறது.

சுத்தியல் · ஜூன் 7, மதியம் 1.30

பெரும்பாலும் சரி. நேரம் மிச்சம், தப்பான ஹிஸ்டரியை நோயாளியே அங்கேயே திருத்துவார் ('மூணு நாள் இல்ல தம்பி, மூணு வாரம்'). கூச்சம் வருவது நாம் பேசும் பாஷையால். 'பேஷன்ட் டினைஸ் ஆல்கஹால்' என்பதைத் தமிழில் அப்படியே 'குடியை மறுக்கிறார்' என்று சொல்லிப் பாருங்கள், போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும். 'குடிப்பழக்கம் இல்லை என்கிறார்' போதும். 'இவர்' என்று மூன்றாம் மனிதராக்காமல், அவர் பக்கம் திரும்பி 'நான் சொல்வதில் தப்பிருந்தால் திருத்துங்கள்' என்று ஆரம்பித்தால் பாதிக் கூச்சம் போய்விடும். 'சின்ன கேஸ்', 'இன்ட்ரெஸ்டிங் கேஸ்' இரண்டும் வேண்டாம்.

வெளியே வைத்துப் பேச வேண்டியவை உண்டு: புற்றுநோய்ச் சந்தேகம், பாலுறவு சம்பந்தப்பட்டவை, வீட்டில் அடி வாங்குகிறவர், கூட வந்தவர் இருக்கும்போது சொல்லக்கூடாத எதுவும்.

சம்மதம் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மாணவர் எதிரில் நிற்கும்போது 'இவர் பார்க்கலாமா?' என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சீட்டுப் போடும் இடத்தில், மாணவர் இல்லாதபோது கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் முறையும் கவனிப்பும் மாறாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறிமுகத்தில் 'சின்ன டாக்டர்' கிடையாது. மாணவர், அவ்வளவுதான்.

கேள்விக்குறி · ஜூன் 8, காலை 6.20

ஒரு ஓட்டை தெரிகிறது. மாணவர் வந்து சொல்வதை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது. மூலையில் அவர் உண்மையில் என்ன கேட்டார் என்பதை யார் பார்த்தது?

சுத்தியல் · ஜூன் 8, இரவு 9.10

யாரும் பார்ப்பதில்லை. நல்ல பிடி. அழகாகச் சொல்பவருக்கு மதிப்பெண், நன்றாகக் கேட்டவருக்கு ஒன்றுமில்லை என்றாகிவிடும்.

1995இல் நார்சினி குழு வெளியிட்ட மினி-சி.இ.எக்ஸ் (எழுத்து எழுத்தாகவே வாசியுங்கள், சேர்க்க வேண்டாம்) இதற்காக வந்ததுதான். 15, 20 நிமிடம் கூட இருந்து பார்த்து, தாளில் மதிப்பிட்டு, உடனே பின்னூட்டம். 4.8 நிமிட ஓ.பி.யில் அதற்கு வழியில்லை. துண்டு போடுங்கள். இன்று முதல் இரண்டு நிமிடம் மட்டும் பார்ப்பது. அடுத்த வாரம் வயிற்றுப் பரிசோதனை மட்டும். அதற்கடுத்து, முடித்து அனுப்பும் கடைசி இரண்டு நிமிடம். நோயாளியின் கண்ணில் படாதபடி, மாணவருக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் நோயாளி உங்களிடம்தான் பேசுவார். நடுவில் வாய் திறக்கக் கூடாது, ஆபத்தான தப்பைத் தவிர.

முதல் இரண்டு நிமிடத்தில் எதைப் பார்ப்பது? நோயாளி தொடங்கியதும் எத்தனை விநாடியில் மாணவர் குறுக்கே போகிறார் என்று. 1984இல் பெக்மனும் ஃபிராங்கலும் அளந்தபோது டாக்டர்களே சராசரியாக 18 விநாடியில் குறுக்கிட்டார்கள். 1999இல் வேறொரு குழு அளந்தபோது 23. பதினைந்து வருடத்தில் ஐந்து விநாடி முன்னேற்றம்! மாணவர் உங்களையும் அளக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் ஒரு வேலை.

கடைசி இரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் கிடைப்பது 'ஏதாவது இருந்தா வாங்க'. அந்த 'ஏதாவது' எது? காய்ச்சல் குழந்தை என்றால்: பால், தண்ணீர் எதுவும் குடிக்காவிட்டால், சாப்பிட்டதெல்லாம் வாந்தியானால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சுருண்டு தூங்கினால், ராத்திரியானாலும் உடனே வரவேண்டும். இது எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் நீடித்தால் எந்த நாள் வரவேண்டும் என்பதும் தனியாக. பிறகு 'வீட்டில் மற்றவர்களிடம் என்னவென்று சொல்வீர்கள்?' என்று அம்மாவையே திருப்பிச் சொல்ல வைப்பது. 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

பின்வரிசை · ஜூன் 9, இரவு 10.00

வார்டிலிருந்து ஓ.பி.க்கு வந்ததும் டெஸ்ட் எழுதித் தள்ளுகிறோம் என்று திட்டு. வார்டில் எழுதாவிட்டால் திட்டு. எது சரி?

சுத்தியல் · ஜூன் 10, காலை 5.50

இரண்டும் சரி. காகிதம் எடுங்கள்.

ஒரு டெஸ்ட், நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 90 சதவீதத்தை இல்லை என்று சரியாகச் சொல்லும் என்று வைப்போம். வார்டில் சந்தேகத்தோடு சேர்த்த 1000 பேரில் 300 பேருக்கு நோய். பாசிட்டிவ்: 270 நிஜம், 70 பொய். பாசிட்டிவ் வந்தால் சுமார் 79 சதவீதம் நம்பலாம். ஓ.பி.யில் அதே குறையோடு வரும் 1000 பேரில் 10 பேருக்குத்தான் நோய். பாசிட்டிவ்: 9 நிஜம், 99 பொய். நம்பிக்கை 8 சதவீதம்தான். டெஸ்ட் அதேதான். வந்த கூட்டம் வேறு.

அதனால் மாணவர் டெஸ்ட் எழுதுமுன் ஒரு கேள்வி: 'ரிசல்ட் எப்படி வந்தால் வைத்தியத்தை மாற்றுவீர்கள்?' பதில் இல்லையென்றால் டெஸ்டும் இல்லை. முதுகுவலியில் ஆபத்து அறிகுறி எதுவும் இல்லையென்றால் சில வாரம் பொறுப்பதே பரிசோதனைதான். ஆபத்து அறிகுறிகளைக் கேட்டே ஆகவேண்டும்: சிறுநீர் அடைப்பு, உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், கால் பலம் குறைதல், காய்ச்சல், முன்பு புற்றுநோய், விழுந்தாரா. கேட்காமல் பொறுப்பதற்குப் பெயர் அலட்சியம். இந்த வித்தியாசத்தை வார்டில் காட்டவே முடியாது, அங்கே காத்திருந்து பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டவர்தான் படுத்திருக்கிறார்.

கேள்விக்குறி · ஜூன் 10, இரவு 9.30

பொறுத்துப் பார்த்தது என்ன ஆனது என்று மாணவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த வாரம் அவர் வேறு டிபார்ட்மென்ட்டில் இருப்பார்.

சுத்தியல் · ஜூன் 11, இரவு 10.20

தெரியாது. ஓ.பி. பயிற்சியின் பெரிய நோய் அதுதான், மேலே நான் எழுதிய எதுவும் அதைத் தீர்க்காது. மினசோட்டாவில் 1971 முதலே மாணவர்களைக் கிராமப்புற டாக்டர்களிடம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்துப் பயிற்றுவிக்கிறார்கள். அப்படிப் பாடத்திட்டத்தையே மாற்ற நம்மால் இயலாதென்றால் ஒட்டுப்போடலாம்: எந்த டிபார்ட்மென்ட்டில் இருந்தாலும் எட்டு வாரம், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் காலை, அதே ஓ.பி.க்கு வருவது. அவர் பார்த்த நோயாளிக்குத் திரும்ப வரும் தேதி அந்தக் கிழமையாகவே எழுதுவது. நோட்டில் பெயர் இல்லாமல் நான்கு பத்தி: அன்று என்ன நினைத்தேன், என்ன செய்தோம், எப்போது வரச் சொன்னோம், வந்தபோது என்ன. நான்காவது பத்தியில் 'வரவில்லை' என்பதும் ஒரு பதில். ஏன் வரவில்லை என்பது அடுத்த கேள்வி.

சுத்தியல் · ஜூன் 12, காலை 6.40

டோக்கன் கணக்கில் தப்பு. நான்கு தள்ளி என்றேன். வயதானவர், சட்டை கழற்றிப் பார்க்க வேண்டியவர், காது சரியாகக் கேட்காதவர் என்றால் கால் மணி போதாது, முறை வந்தபின் வரிசை நிற்கும். ஆறு தள்ளி எடுங்கள். மாணவர் சீக்கிரம் முடித்தால் உட்கார்ந்து எழுதட்டும்.

ஊசிமுனை · ஜூன் 12, காலை 7.15

சுகர் டெஸ்டுக்கு வெறும் வயித்தோட வந்தவங்களைப் பின்னாடியிருந்து எடுக்காதீங்க. அவங்களை முதல்ல அனுப்பிருங்க.

கேள்விக்குறி · ஜூன் 12, இரவு 9.00

திங்கள்கிழமைக்கு மூலையில் இரண்டு நாற்காலி கேட்டிருக்கிறேன். ஸ்டோரில் ஒன்றுதான் இருக்கிறதாம். நோயாளிக்கு அது, மாணவருக்கு ஸ்டூல். திரைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.